வழிகாட்டிப் புத்தகத்தில் எங்களுக்கு இரண்டு வரி

1

சனிக்கிழமைகளில் எனக்கு நூலகத்தில் மேசை வேலை. நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், தோல் சப்பாத்துத் தொழிற்சாலைகளை மூடிவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் ஒரு சிறு நகரம். புத்தகம் இரவல் எடுப்பவர்கள் இப்போதெல்லாம் இயந்திரத்திலேயே பதிந்துகொண்டு போய்விடலாம். ஆனாலும் வயதானவர்களும், கதைக்க ஆள் கிடைக்காதவர்களும் என்னிடந்தான் வருவார்கள். எனக்கும் அதுதான் விருப்பம்.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை. குனிந்து ரசீதுச் சுருள் மாற்றிக்கொண்டிருந்தேன். மேசைமேல் தொம்மென்று மூன்று புத்தகங்கள் விழுந்தன. மூன்றும் இலங்கைக்கான வழிகாட்டிகள். ஒன்றின் அட்டையில் யானை, ஒன்றில் ரயில் பாலம், ஒன்றில் தென்னை மரத்தில் கட்டிய ஊஞ்சலும் அதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையும். நிமிர்ந்து பார்த்தால் என் மகள்.

ஹனாவுக்கு அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். வேறு நகரத்தில் இருந்தாள். வீட்டுக்கு வருவதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"உம்மா, சம்மர்ல நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் ஸ்ரீலங்கா போறோம். பட்ஜெட் ட்ரிப்" என்றாள்.

அவளுடைய தமிழ் அப்படித்தான். வார இறுதிப் பள்ளிக்கூடத்தில் சென்னை ஆசிரியைகளிடம் படித்த தமிழ். நான் "கதை" என்றால் அவள் "பேசு" என்பாள், நான் "ஓம்" என்றால் அவள் "ஆமா" என்பாள். அதெல்லாம் பழகிவிட்டது. அன்றைக்குச் சுருக்கென்று குத்தியது "ஸ்ரீலங்கா போறோம்" என்பதுதான். எங்கள் வீட்டில் யாரும் ஸ்ரீலங்காவுக்குப் போனதில்லை. நாங்கள் ஊருக்குப் போவோம்.

பாதையை அவளே சொன்னாள். கொழும்பு, எல்ல, அறுகம் குடா, மட்டக்களப்பு, திருகோணமலை. அறுகம் குடாவிலிருந்து மட்டக்களப்புக்கு எப்படிப் போவாய் என்று கேட்டேன், பதில் தெரிந்துகொண்டே.

"பஸ்தான். கல்முனை வழியா. வேணும்னா அங்க ஒரு மணி நேரம் இறங்குறோம் உம்மா. உங்களுக்காக."

எனக்காக! நான் பிறந்து வளர்ந்து கலியாணம் முடித்த ஊரில், என் வயிற்றில் பிறந்தது எனக்காக ஒரு மணித்தியாலம் இறங்குமாம். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். புத்தகங்களைப் பதிந்து, திருப்ப வேண்டிய திகதியைச் சொல்லிக் கையில் கொடுத்தேன். அந்த நிமிடமே ஒரு முடிவும் எடுத்துக்கொண்டேன். இவளை அந்த பஸ்ஸிலிருந்து இறக்குவேன், பெட்டி படுக்கையோடு இறக்குவேன்.

2

ஒரு மணித்தியாலத்துக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வாசிக்கிறவர்கள் கேட்கலாம். ஊர்க்காரர்கள் கேட்கமாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். என் கணவர் சம்மாந்துறையிலிருந்து அப்படி வந்தவர்தான். வாப்பா ஒரே வளவுக்குள் மூத்தவள் ராத்தாவுக்கு ஒரு வீடு, இளையவள் எனக்கு ஒரு வீடு கட்டிவைத்தார். ராத்தா இன்றைக்கும் தன் வீட்டில் இருக்கிறாள். நான் கணவரின் படிப்போடு இங்கே வந்தவள், வந்த வழியே திரும்பவில்லை. என் வீட்டில் கொஞ்சக் காலம் ஒரு ஆசிரியர் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அவர்கள் போனபிறகு ராத்தாதான் சன்னல்களைத் திறந்து மூடுகிறாள், முற்றம் கூட்டுகிறாள், தேங்காய் விழுந்து உடைந்த ஓட்டுக்கு ஆள் பிடிக்கிறாள்.

முன் தெருவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவருக்குச் சாமான் அடுக்க இடம் வேண்டுமாம். என் வீட்டைக் கேட்கிறார். மரியாதையான மனிதர், விடாப்பிடியான மனிதரும். ராத்தாவுக்கும் அலுத்துவிட்டது.

"எனக்கும் முழங்கால் ஏலா தங்கச்சி. உன்ட மகள் வந்து இரிக்கப் போறாளா? இல்லதானே? பூட்டி வெச்சிக் கறையானுக்குக் குடுக்கிறத விட வித்துப்போடு."

அவள் சொன்னதில் பிழையில்லை. கோடை முடியட்டும், முடிவு சொல்கிறேன் என்றேன். ஹனா இந்த முறை எட்டிப் பார்க்காமல் போனால் விற்பதுதான் நியாயம். வராத பிள்ளைக்காக ஒருத்தி எவ்வளவு காலம் முற்றம் கூட்டுவாள்?

3

இனி வழிகாட்டிப் புத்தகத்துக்கு வருவோம். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும் உதவும். இப்போது நம் பிள்ளைகளும் மலேசியா, துருக்கி என்று கைக்காசை எண்ணிக்கொண்டு கிளம்புகிறார்கள். நான் பயணப் புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நிற்பவள், எனக்கென்று சில முறைகள் இருக்கின்றன.

முதலில் அட்டையை மறந்துவிடுங்கள். உள்ளே பதிப்பு வருடத்தைப் பாருங்கள். புதிய அட்டையில் பழைய அறை வாடகையை விற்பது இந்த வியாபாரத்தில் புதுமையில்லை. பழைய பதிப்பு கெட்டது என்று சொல்லவில்லை. நூலக வாசலில் கழித்த புத்தகங்களைச் சல்லிக்கு விற்போம், சரித்திரமும் வரைபடமும் அதில் அப்படியே இருக்கும். அதை வாங்கிக்கொண்டு, விலைவாசியை மட்டும் இணையத்தில் பார்த்தால் போதும். இரண்டாவது, பஸ் எங்கே ஏறுவது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எடுத்த எடுப்பில் சாரதியோடு கார் பிடிக்கச் சொல்லும் புத்தகம் பணக்காரருக்கு எழுதியது, "சிக்கனம்" என்று முதுகில் அச்சடித்திருந்தாலும் சரி. அப்புறம், தேவையான பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போகலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டவர்கள் இருக்கிறார்கள். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஊரை எடுத்து, அதைப்பற்றிப் புத்தகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அங்கே பொய் சொன்னால் தெரியாத ஊரிலும் சொல்லும்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஹனாவின் மூன்று புத்தகங்களையும் அப்படிச் சோதித்தேன். அறுகம் குடாவுக்குப் பக்கம் பக்கமாக இருந்தது. எந்த அலை யாருக்கு நல்லது, எந்தக் கடையில் வாழைப்பழ அப்பம் நல்லது எல்லாம் இருந்தது. பக்கத்திலிருக்கும் பொத்துவில் பணம் எடுக்கப் போகும் இடம், அவ்வளவுதான். அதன் வயலையும் தோணிகளையும் யாரும் கண்டதாகத் தெரியவில்லை. சம்மாந்துறை இல்லவே இல்லை. அந்த ஊர்க்காரரான என் கணவருக்குக் காட்டினேன்.

"நல்லது. நெல்லு மில்லுத் தூசி குடிக்க ஆரு காசு குடுத்து வாற?" என்றார். ஆனால் புத்தகத்தின் பின்னால் பெயர் அட்டவணையை இரண்டு தரம் விரல் வைத்துத் தேடினார். அதைக் கண்டேன்.

ஒரே ஒரு புத்தகத்தில் கல்முனை இருந்தது. இரண்டு வரி. கடல்கோளில் கடுமையாக அழிந்த ஊர் என்பது முதல் வரி. மட்டக்களப்புக்கு இங்கே பஸ் மாறலாம் என்பது இரண்டாம் வரி. இறந்தவர்களால் ஒரு வரி, பஸ்ஸால் ஒரு வரி. உயிரோடு இருக்கிற எங்களால் ஒன்றும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

பருவம் பற்றியும் சொல்லவேண்டும். கிழக்குக் கரைக்கு நடு வருடந்தான் உகந்தது, வெயிலும் தெளிந்த வானமும் என்று மூன்று புத்தகமும் ஒருவாயாகச் சொல்கின்றன. கடலுக்குள் நிற்பவருக்குச் சரி. ஊருக்குள் இருப்பவருக்கு அது கச்சான் காற்று அடிக்கும் காலம். மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டில் காயப்போட்ட துணி விறைத்துப்போகும், மனிதருக்கு எரிச்சல் வரும். உகந்த காலம் என்று எழுதியிருந்தால் அது யாருக்கு உகந்தது என்று கேளுங்கள்.

4

ஹனா புத்தகத்தை அரைவாசியும் போனை மீதியும் நம்புகிறவள். விசா விண்ணப்பத்தைப் போனிலேயே நிரப்பினாள். இதிலும் ஒரு எச்சரிக்கை. தேடினால் அரசாங்கத்தின் தளம் போலவே தோற்றமுள்ள இடைத்தரகர்களின் பக்கங்கள்தான் முதலில் வந்து நிற்கும். ஒன்றில் விரல் வைக்கப் போனவளை நான்தான் தடுத்தேன். சரியான தளத்தில் வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டிருந்தது. சுற்றுலா என்று தெரிவு செய்தாள். அதற்குக் கீழேயே, உறவினரைப் பார்க்க என்று இன்னொன்று இருந்தது. நான் விரலால் அதைக் காட்டினேன்.

"உம்மா, தங்கப் போறது எல்லாம் ஹாஸ்டல்ல. சுற்றுலான்னு போடுறதுதான் உண்மை" என்றாள். உண்மை பேசும்படி வளர்த்ததற்குக் கிடைத்த தண்டனை.

நான் விடவில்லை. கெஞ்சினால் காரியம் ஆகாது என்று தெரியும், அதனால் அவளுடைய மொழியிலேயே கதைத்தேன். வரைபடம் காட்டுகிற நேரத்துக்கு பஸ் போகாது, அக்கரைப்பற்றிலும் நிந்தவூரிலும் கைகாட்டுகிற எல்லோருக்கும் நிற்கும். கச்சான் வெயிலில் நேரே மட்டக்களப்பு என்றால் மூன்று பேரும் வாடி வதங்கிப் போவீர்கள். நீங்கள் அங்கே போவது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடியும்வரை கல்முனையில் கடை திறந்திருக்காது, ஒரு மணித்தியாலம் இறங்கிப் பூட்டிய கதவுகளையா பார்க்கப்போகிறீர்கள்? ஒரு இரவு தங்கி விடிய வெளிக்கிடு. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல் என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஒரு மணித்தியாலம் ஒரு இரவாகியது.

"சரி. அங்க சீப்பா ரூம் இருக்கான்னு பார்க்கிறேன்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரூமா? வீடு இரிக்கி!"

"அது பல வருஷமா பூட்டின வீடு. பெரியும்மாவுக்கு எதுக்குக் கஷ்டம்? அப்புறம் சொந்தக்காரங்கன்னா ஊட்டிக்கிட்டே இருப்பாங்க, கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாங்க. ஃப்ரெண்ட்ஸ் பாவம்."

சொன்னதெல்லாம் உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது. நாங்கள் பயணம் போன முறை வேறு. எந்த ஊருக்குப் போவதென்றாலும் முதல் கேள்வி, "அங்க நம்மட ஆக்கள் ஆரு இரிக்காங்க?" என்பதுதான். நான் முதன்முதல் லண்டனில் இறங்கியபோது என்னிடம் புத்தகமுமில்லை, வரைபடமுமில்லை. எங்கள் பக்கத்து ஊர் மருதமுனைக்காரி ஒருத்தியின் பெயர் இருந்தது. அவள் சோறும் குளிர்ச் சட்டையும் கொண்டு விமான நிலையத்துக்கு வந்து நின்றாள். என் மகளோ ஆள் இருக்கிற ஊரில் அறை தேடுகிறாள். புகுந்த நாட்டுப் பழக்கம் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ள எனக்கு வரவில்லை.

5

அடுத்த கிழமை மதிய இடைவேளையில் நூலகத்தின் பின் அறையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது ராத்தாவின் அழைப்பு வந்தது. எடுத்தால் மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று விளங்காத சத்தம்.

"தங்கச்சி, நீ குடிக்கிறல்லயாமே?"

"என்ன ராத்தா?"

"ஊர் முழுக்கத் தெரியும்கா! உன்ட மகள் எழுதிரிக்காள். எங்கட உம்மா குடிக்கவே மாட்டாங்க எண்டு!"

நடந்தது இதுதான். கிழக்குக் கரைக்குப் பயணம் போகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. சிக்கனப் பயணத்துக்கு இப்படியான குழுக்கள் நல்ல உதவி, நானே வாசகர்களுக்குச் சொல்வதுண்டு. ஹனா அதில் தமிழில் கேட்டிருக்கிறாள், கல்முனையில் மூன்று பெண்கள் ஒரு இரவு தங்கப் பாதுகாப்பான இடம் உண்டா, தன் உம்மாவும் அந்த ஊர்தான் என்று. ஊர்ப் பெண் ஒருத்தி உடனே கேட்டிருக்கிறாள்: "உங்கட உம்மா என்ன குடி?"

எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழி வம்சம். உம்மாவின் குடிதான் பிள்ளைக்கும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்யமாட்டோம். புதிதாய் ஒருவரைக் கண்டால், எந்த ஊர் என்பதற்கு அடுத்த கேள்வி அதுதான். சென்னைத் தமிழ் படித்த என் மகளுக்குக் குடி என்றால் சாராயம். பதறிப்போய்ப் பதில் எழுதியிருக்கிறாள்: "எங்க உம்மா குடிக்கவே மாட்டாங்க. டீ மட்டும் நிறைய குடிப்பாங்க. நாங்களும் குடிக்க மாட்டோம், அமைதியா இருப்போம்."

அந்தப் பெண் அதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப, நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்ப, அது ராத்தாவின் போனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சிரித்துச் சிரித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்னேரம் ஹனாவுக்கு எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எல்லாரும் ஏன் சிரிக்கிறாங்க? அந்த அக்கா பெரியும்மாகிட்ட விசாரிச்சிட்டு இப்ப எழுதியிருக்காங்க, நீங்களும் எங்கட குடிதான், எங்கட புள்ளதான், வீட்டுக்கு வாங்கன்னு. எனக்கு ஒண்ணும் புரியல உம்மா."

விளக்கினேன். நூலக வாசலில் குடை பிடித்துக்கொண்டு, போக்குவரத்துச் சத்தத்துக்கு மேலால், தாயிலிருந்து மகளுக்கு வருவது என்னென்ன என்று சொன்னேன். குடி என்னிடமிருந்து உனக்கு வந்தது. அதை நீ கேட்டுப் பெறவில்லை, நான் கொடுக்காமல் விடவும் முடியாது. வீடும் அப்படித்தான் வருவது.

"அப்போ அந்த வீடு?" என்றாள்.

மறைக்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கடைக்காரர் கேட்பதையும், ராத்தாவின் முழங்காலையும், கோடைக்குப் பிறகு முடிவு சொல்வதாக நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன். வராதே என்றோ வா என்றோ சொல்லவில்லை. சொல்லத் துடித்த நாக்கைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு பாடு என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"பார்த்துட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

6

ஆடி மாதம் போனார்கள். எல்லவிலிருந்து படங்கள் வந்தன, அறுகம் குடாவிலிருந்து இன்னும் அதிகம். அந்த வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. நான் வேலையில் புத்தகங்களைத் தவறான தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் ராத்தாவிடமிருந்து இரண்டு சொல்லில் ஒரு செய்தி வந்தது: "வந்துட்டாங்க. தின்றாங்க."

மறுநாள் காலை சிநேகிதிகள் இருவரும் மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார்கள். ஹனா ஏறவில்லை. இரண்டு நாளில் வந்து சேர்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டாளாம். ராத்தாவிடம் திறப்பை வாங்கி, என் வீட்டைத் தானே திறந்து, சென்னைத் தமிழில் ஆள் பிடித்துக் கிணறு இறைக்க வைத்தாளாம். எனக்கு யாரும் விவரமாகச் சொல்லவில்லை. கேட்டால், "அவள் கூட்டுறாள்கா, நான் சும்மா இரிக்கன்" என்றாள் ராத்தா.

திங்கட்கிழமை கடைக்காரர் அளக்கிற நாடாவோடும் ஒரு மேசனோடும் வந்திருக்கிறார். என் பதில் வருமுன் ஒரு கணக்குப் பார்த்துவைப்போம் என்று நினைத்தாராக்கும். கேட்டைத் திறந்தது ஹனா. மிச்சத்தை ராத்தா சொன்னாள்.

"நான் ஒரு சொல்லுக் கதைக்கல்ல தங்கச்சி, அல்லாஹ் அறிய. அவள்தான் சொன்னாள், அங்கிள், இது விக்கிற வீடு இல்ல எண்டு. அவர் கேட்டார், உம்மா சொல்லட்டும் மகள், உம்மாட வீடுதானே எண்டு. இவள் சொன்னாள், உம்மாவக் கேக்க வேணாம், இது என்னோட வீடு எண்டு. அந்த மனிசன் நாடாவச் சுருட்டிப் பொக்கட்டுக்குள்ள வெச்சிட்டுப் போயிட்டார்."

உடனே ஹனாவுக்கு எடுத்தேன். உள்ளே சந்தோசம், ஆனால் வாயில் வந்தது சண்டைதான். "என்னட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"எதுக்கு? பொண்ணுக்குத்தான் வீடுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். "படிப்புதான் முடிஞ்சிருச்சே, இந்த ட்ரிப் முடிஞ்சதும் நான் இங்க ஆறு மாசம் இருக்கப்போறேன். அதுக்கு அப்புறம் தெரியாது. பின்பக்க ஓடு மாத்தணும், பெரியும்மாகிட்ட பேசிட்டேன். இந்த ரோட்டுல தனியா வர்ற பொண்ணுங்களுக்கு நம்பித் தங்க இடமே இல்ல உம்மா. ரெண்டு ரூம் வாடகைக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். நீங்க வர்றதா இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க, ரூம் இருக்கான்னு பார்க்கணும்."

எங்கள் ஊரில் மகளுக்கு வீட்டைக் கொடுத்த அன்றே தாய் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கத்து அறைக்குப் போய்விடுவாள். அதைச் சின்ன வயதிலிருந்து கண்டவள் நான். என் உம்மா எனக்காகப் போனாள். அது இப்படிக் கோடை மழையில், நூலக வாசலில், போன் வழியாக எனக்கும் நடக்கும் என்று நினைத்திருக்கவில்லை. அழுகை வந்தது, அழுதேன். இவரிடம் சொன்னபோது, "நான் முப்பது வருசமா அந்த வீட்டுக்கு விருந்தாளிதான். நீயும் இனி வரிசையில நில்லு" என்றார்.

அடுத்த நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். மாரி மழையில், எந்தப் புத்தகமும் போகச் சொல்லாத மாதத்தில், ஒரு மாதம் வருகிறேன், முன் அறை எனக்கு வேண்டும், வாடகை தரமாட்டேன் என்று மகளுக்கு எழுதிப் போட்டேன்.